ஐஸ் வைக்காதீர்கள்

ராத்திரி இரண்டு பத்துக்கு
தெர்மாகோல் பெட்டியில் வந்தது
அவன் முதுகுத்தண்டின் நீர்.
கஞ்சித்தண்ணி நிறம்.
சீட்டில் சித்தேஸ்வரன், பதினாலு, ஆண்.
பாக்டீரியா மூளைக்காய்ச்சல் என்றெழுதி
தூக்கத்தில் வால் நீண்டுபோன
ஒரு கேள்விக்குறி.

எண்ணினேன். வெள்ளணுக்கள் ஏராளம்.
சர்க்கரை அடிமட்டம்.
சாயம் போட்டுப் பார்த்தால் ஒரு பாக்டீரியாவும் இல்லை.
சண்டை நடந்த தெருவில்
சோடாபாட்டில் சில்லு சிதறிக் கிடக்கிறது,
அடித்தவனை மட்டும் காணோம்.

கூட்டத்தில் சிலது கொஞ்சம் பெரிசு.
நடுவே ஒற்றைக் கரும்பொட்டு,
சுற்றிலும் வெளிச்ச வளையம்.
அசையவில்லை.
ஐஸில் வந்தது எதுதான் அசையும்?

பதினேழு வருஷமாய் இதே முக்காலி.
யானைக்கால் புழு ரத்தத்தில் நெளிவதை
நடுராத்திரி பார்த்திருக்கிறேன்.
இதைப் படத்தில் மட்டும்,
பரீட்சைக்கு வராது என்று
எல்லோரும் புரட்டிவிட்ட பக்கத்தில்.

மூடிய குழாயைக் கையுறைக்குள்
பஸ்ஸில் சில்லறையைப் பொத்துவதுபோல் பொத்தி
உட்கார்ந்திருந்தேன்.
பிறகு ஒரு சொட்டு.

ஒரு பக்கம் உப்பியது.
உப்பிய பக்கம் உடம்பு முழுக்க வழிந்து போனது.
மறுபடி உப்பியது.
அவசரமே இல்லை அதற்கு.

கொல்வதை எழுப்பித்தான்
அதன் பேரைச் சொல்ல முடிகிறது.
என் கைச்சூட்டில் எழுந்தது அது.

டாக்டர் ஹபீபுன்னிசாவுக்குப் போன் போட்டுவிட்டு
நானே கீழே போனேன். போகக் கூடாது, போனேன்.
அர்த்தநாரி, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை,
நகக்கண்ணெல்லாம் வெள்ளிக் கறுப்பு.
"கெட்ட தண்ணி குடிச்சானான்னு
நாலு பேரு கேட்டுட்டாங்க மேடம்.
கேன் தண்ணிதான். அதையும் காய்ச்சித்தான்."

குடித்தால் ஒன்றும் செய்யாது அது.
"எங்கே குதிச்சான்?" என்றேன்.

மூடிப்போன வெள்ளைக்கல் சுரங்கக் குழி.
சேர்வராயன் மலை நிழல் எட்டாத இடம்.
சித்திரை மாசத்துப் பச்சைத் தண்ணீர்,
குளிப்பாட்டக் காய்ச்சினதுபோல் இளஞ்சூடு.
"மூக்குல ஏறிடுச்சுன்னு செருமிக்கிட்டே இருந்தான்.
அப்புறம் ரசத்துல வாசமே இல்லைன்னான்.
அவங்கம்மா
பெருங்காயம் இன்னொரு சிட்டிகை போட்டா."

வாசனை போகிற வழியிலேயே போயிருக்கிறது.
மூக்குக்கும் மூளைக்கும் நடுவே
சல்லடைபோல் ஓர் எலும்பு.
ரசத்தைச் சொன்ன அன்றைக்கே அவன்
நோயின் பேரைச் சொல்லிவிட்டான்,
எங்கள் யாருக்கும் அந்த மொழி தெரியவில்லை.

விடிவதற்குள் ஆம்போடெரிசின் ஏறியது,
வெளிச்சம் படாமல் கறுப்புத்தாள் சுற்றி.
கூடவே இன்னும் மூன்று மருந்து.
மில்டெஃபோசின் மட்டும் சேலத்தில் இல்லை,
கோயம்புத்தூரிலும் இல்லை.
கருங்காய்ச்சலுக்கென்று செய்த மாத்திரை;
சென்னையில் யாரோ தேடிப்பிடித்து
ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஒரு பயணியின்
டிபன் பையில் கொடுத்தனுப்பினார்கள்.
அந்தப் பயணியின் பெயரை
யாரும் கேட்டு வைக்கவில்லை.

மூளை வீங்காமலிருக்க
உடம்பைக் குளிரவைத்தார்கள்.
ஐஸ் இப்போது அவனுக்கு.

அன்றைக்கு எட்டுப் பேர் குதித்தார்கள்.
ஏழு பேர் டியூஷன் போய்க்கொண்டிருக்கிறார்கள்.
அதே குழி, அதே தண்ணீர்.
இதற்கு என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

ஒன்பதாம் நாள் மூன்றாவது குழாய்.
பொத்தினேன். பார்த்தேன்.
மறுபடி பொத்தினேன்.
எதுவும் எழவில்லை.
ஒன்றுமில்லாததைப் பார்ப்பதற்கு
இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்ததில்லை.

முதுகுநீருக்கு ஐஸ் வைக்காதீர்கள் என்று
மார்க்கரில் எழுதி ஜன்னலில் ஒட்டினேன்.
அதற்கடுத்த ராத்திரியே ஒரு பெட்டி வந்தது,
ஐஸோடு.

பத்தொன்பதாம் நாள் கண்ணைத் திறந்தானாம்.
சாயங்காலம் எட்டிப் பார்த்தேன்.
பெருங்காய டப்பாவைத் திறந்து
அவன் மூக்கருகே பிடித்திருந்தாள் அம்மா.
வருதா சாமி, வருதா?

பதில் சொல்லுமுன்
அவள் முகத்தைப் பார்த்தான் அவன்,
என்ன சொல்ல வேண்டுமென்று.